வியர்க்கும் தலைக்கு எந்தக் குல்லா?

குளிர்காலத்தில் ஓடுபவர்களும் மலையேறுபவர்களும் அணியும் பின்னல் குல்லாவைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: ஸ்கார்பரோவில் வசிக்கும் நான், குளிர்காலத்திலும் அதிகாலை ஓட்டத்தை விடுவதில்லை. சென்ற ஆண்டு கடையில் இருந்தவற்றிலேயே மிகத் தடிமனான, உள்ளே ஃபிளீஸ் என்னும் பஞ்சு போன்ற துணி வைத்துத் தைத்த அக்ரிலிக் (செயற்கை இழை) குல்லாவை வாங்கினேன். ஓடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே தலை நனைந்துவிடுகிறது. ஓட்டத்தை முடித்து வீட்டுக்கு நடந்து வரும்போது, குல்லாவே அணியாதது போலக் குளிர்கிறது. இன்னும் தடிமனான ஒன்றை வாங்க வேண்டுமா?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: வேண்டாம், இதைவிட மெல்லியதாக வாங்குங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் அசையாமல் நிற்பவருக்கு உரிய குல்லா வேறு, ஓடுபவருக்கு உரிய குல்லா வேறு. நிற்பவரின் உடலில் குறைவான வெப்பமே உண்டாகிறது என்பதால், அதைத் தப்பவிடாமல் பிடித்து வைப்பதுதான் அவருடைய குல்லாவின் வேலை. ஓடுபவரின் உடலிலோ ஓய்வில் இருப்பதைப்போலப் பல மடங்கு வெப்பம் உண்டாகி, அந்த மிகுதியை வெளியேற்ற வியர்வை சுரக்கிறது. அந்த வியர்வை ஆவியாகி வெளியேற வழி இல்லையென்றால் துணியிலேயே நீராகத் தங்கிவிடும். எந்தக் குல்லாவும் நமக்குக் கதகதப்பைத் தருவது இழைகளுக்கு இடையே சிக்கிக்கொண்ட அசையாத காற்றினால்தான். அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் ஒன்றைத் தலைமேல் வைத்திருப்பதாக ஆகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்வரை உடல் அந்த இழப்பை ஈடுகட்டும். நீங்கள் நடக்கத் தொடங்கியதும் வெப்ப உற்பத்தி குறைகிறது, ஈரம் அப்படியே இருக்கிறது. உங்கள் தலை குளிர்வதற்குக் காரணம் இதுதான்.

இழை எது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. பருத்தி கூடவே கூடாது. நம் ஊர் வெயிலுக்கு அதைப்போல் உகந்தது இல்லை என்றாலும், வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொண்டு மெல்ல உலரும் அதே குணம் பனியில் கேடாக முடிகிறது. ஆனால் உறிஞ்சுவது மட்டுமே குற்றம் என்று எண்ணிவிட வேண்டாம். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் உலர் எடையில் 8 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை ஏற்கும். கம்பளி 16 விழுக்காடு அளவுக்கு, அதாவது பருத்தியைப்போல் இரு மடங்கு ஏற்கும். ஆயினும் கம்பளி குளிர்வதில்லை, ஏனென்றால் அது ஈரத்தை ஆவி வடிவில் இழையின் உட்புறத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. இழையின் வெளிப்பரப்பு நீரை ஒட்டவிடாமல் தள்ளுகிறது. ஆவியை ஏற்கும்போது கம்பளி சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடுகிறது. இழைகள் இயல்பிலேயே சுருண்டிருப்பதால், நனைந்தாலும் படிந்து போகாமல் இடைவெளிகளைக் காத்துக்கொள்கின்றன. பாலியெஸ்டர் இதற்கு நேர் எதிரானது: ஈரத்தை ஏறக்குறைய ஏற்பதே இல்லை, விரைவில் உலர்ந்துவிடும், ஆனால் சில ஓட்டங்களுக்குள் வாடை பிடிக்கும். அக்ரிலிக்கும் ஈரத்தை மிகக் குறைவாகவே ஏற்கும். விலை குறைவு, நிறங்கள் பல, நாளடைவில் மேற்பரப்பில் உருண்டை உருண்டையாக முடிச்சு விழும். அதை மோசம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் ஓட்டத்துக்கு அது என் முதல் தேர்வு அன்று.

என் பரிந்துரை மெரினோ என்னும் செம்மறியாட்டு இனத்தின் நுண்ணிய கம்பளி, அல்லது மெரினோவும் சிறிதளவு நைலானும் கலந்தது. நைலான் சேர்ந்தால் விளிம்பு சீக்கிரம் தளர்ந்து போகாது. நெற்றியில் அரிப்பு வருமோ என்ற அச்சம் உங்களுக்கு இருந்தால், இழையின் குறுக்களவைப் பாருங்கள். மெரினோவின் இழை பெரும்பாலும் 17 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 30 மைக்ரானைத் தொடும் முரட்டு இழைகளின் நுனிதான் தோலைக் குத்துகிறது. முகப்பில் கம்பளி என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுவிட்டு, உட்புறச் சீட்டில் பத்து விழுக்காடு கம்பளியும் மீதி அக்ரிலிக்கும் என்று குறிப்பிடும் பொருட்கள் ஏராளம். ஆகவே சீட்டைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது பின்னல். கயிறு முறுக்கியது போன்ற பெரிய வேலைப்பாடுகள் கொண்ட, தளர்வாகப் பின்னிய குல்லாக்கள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காற்றடிக்கும் நாளில் அவை வடிகட்டியைப்போல் காற்றை உள்ளே விட்டுவிடும். வாயருகே துணியை வைத்து ஊதிப் பாருங்கள்: மூச்சு தடையின்றி மறுபுறம் போனால் ஏரிக்காற்றும் அப்படியே நுழையும், துளியும் போகாவிட்டால் உங்கள் வியர்வையும் வெளியேறாது. நுண்ணிய, நெருக்கமான ஒற்றைப் பின்னலாகவும், காதையும் நெற்றியையும் சுற்றி மட்டும் இரட்டையாக மடித்ததாகவும் இருப்பது ஓட்டக்காரருக்கு ஏற்றது. காது மெல்லியது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, கொழுப்போ தசையோ இல்லாதது. பனிக்கடியில், அதாவது கடுங்குளிரில் தோலும் சதையும் உறைந்துபோவதில், முதலில் அகப்படும் உறுப்புகளில் ஒன்று. எனவே காதுமடலுக்கு மேலேயே நின்றுவிடும் குட்டையான குல்லாக்களைப் புகைப்படம் எடுத்துக்கொள்பவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

காற்றின் பங்கைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்திவரும், காற்றோடு சேர்ந்த குளிரை அளக்கும் கணக்கின்படி, வெப்பநிலை -10 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வெறும் தோலுக்கு அது -20 டிகிரியைப்போல் உறைக்கும். இந்த அளவு -28க்குக் கீழே இறங்கினால் மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துவிடக்கூடும் என்பது கனடா அரசின் எச்சரிக்கை. பூஜ்ஜியத்தை ஒட்டிய நாட்களில் காதை மூடும் தலைப்பட்டை ஒன்றே போதும். அதிலிருந்து -10 வரை மெல்லிய மெரினோ குல்லா. அதற்கும் கீழே போனால் அதே குல்லாவுடன் கழுத்துக்கு ஒரு குழாய்த் துணி, காற்று வலுத்தால் மேலே ஜாக்கெட்டின் தலைமூடி. உங்களிடம் உள்ள தடிமனான குல்லாவைத் தூக்கி எறிய வேண்டாம். அதைப் பையில் உலர்ந்த நிலையில் வைத்திருந்து, ஓட்டம் முடிந்ததும் ஈரக்குல்லாவைக் கழற்றிவிட்டு அணிந்துகொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, புருவத்துக்குச் சற்று மேலாகவும் காதுகளுக்கு மேலாகவும் நாடாவைச் சுற்றித் தலையை அளந்து பாருங்கள். பின்னல் குல்லா அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் சிறியதாக இருந்தால்தான் இழுபட்டுத் தலையில் நிற்கும். விளிம்பை நன்றாக இழுத்து விட்டுப் பாருங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்பாத குல்லா, ஓடும்போது கண்ணில் இறங்கும். உச்சியில் ஆடும் பந்து ஓடுபவருக்குத் தொல்லை. டொராண்டோவில் டிசம்பர் இறுதியில் காலை ஏழே முக்கால் மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கிறது என்பதால், ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை தைத்த குல்லாவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

கேள்வி: உடல் சூட்டில் பாதி தலை வழியாகவே போய்விடும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?
– வாசகர், சேலம்

பதில்: உண்மை அன்று. தலை, உடற்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதன் வழியே போகும் வெப்பமும் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். 1950களில் அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனைகளில், உடல் முழுவதும் குளிர்காப்பு உடையால் மூடப்பட்டுத் தலை மட்டும் திறந்திருந்தது. மற்ற வழிகள் அடைபட்டிருந்தால் திறந்திருந்த வழியில் அதிகமாக வெளியேறுவதில் வியப்பில்லை. அந்தச் சோதனையைத் தவறாகப் பொதுமைப்படுத்தியதிலிருந்தே இந்த நம்பிக்கை பிறந்திருக்கலாம் என்று 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு மருத்துவர்கள் விளக்கினார்கள். ஆயினும் முகமும் தலையும் குளிரை மிகுதியாக உணரும் பகுதிகள் என்பதால் குல்லா நமக்குப் பெரிய ஆறுதலாகத் தோன்றுகிறது. அந்த ஆறுதல் பொய்யில்லை.

கேள்வி: எனக்கு நீளமான கூந்தல், எண்ணெய் வைத்துப் பின்னிக்கொள்ளும் பழக்கம் உண்டு. கொண்டை போட்டால் குல்லா மேலே ஏறிக்கொள்கிறது, கழற்றும்போது முடி அறுகிறது. நடைப்பயிற்சிக்கு என்ன செய்வது?
– வாசகி, மார்க்கம், கனடா

பதில்: உச்சியில் கொண்டை போட்டால் எந்தக் குல்லாவும் காதுக்குக் கீழே இறங்காது, அம்மா. பின்னலைக் கழுத்துக்குக் கீழே தாழ்வாக விட்டு அதன் மேல் குல்லாவை இறக்குங்கள். அல்லது பின்புறம் முடியை வெளியே எடுக்கத் துளை வைத்துப் பின்னிய குல்லாவை வாங்குங்கள். அந்தத் துளை உச்சியில் இல்லாமல் பிடரியருகே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் காற்று நேராக மண்டையில் இறங்கும். முடி அறுவதற்குக் காரணம் உராய்வு. உட்புறம் முழுவதும் வழுவழுப்பான சாட்டின் துணி தைத்த குல்லாக்கள் கிடைக்கின்றன; மெதுவாக நடப்பவருக்கு அவை ஏற்றவை, வேகமாக நடந்து வியர்ப்பவருக்குச் சாட்டின் ஆவியைச் சற்றுத் தடுக்கும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். குல்லாவின் விளிம்பில் அது வெண்மையாகப் படிந்து, தூசியைச் சேர்த்துக்கொண்டு, பின்னலின் இடைவெளிகளை அடைத்துவிடும். நடைக்குப் போகும் காலையில் எண்ணெயைத் தவிர்த்து, இரவில் வைத்துக் காலையில் அலசிவிடுவது எளிது. ஆனால் ஈரத்தலையுடன் வெளியே போகக் கூடாது, முழுவதும் உலர்ந்த பிறகே குல்லாவை அணியுங்கள்.

கேள்வி: டிசம்பர் இறுதியில் நண்பர்களுடன் கேதார்காந்தா மலையேற்றத்துக்குப் போகிறோம். ஒரு நல்ல குல்லா போதுமா, இரண்டு வேண்டுமா? நடைபாதையில் விற்கும் குல்லாக்களை நம்பலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு வேண்டும். உத்தரகண்டில் உள்ள அந்தச் சிகரம் ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரம் கொண்டது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை ஆறு டிகிரி அளவுக்குக் குறையும், சிகரத்துக்கு இருட்டிலேயே புறப்பட வேண்டியிருக்கும். ஏறும்போது மெல்லிய குல்லா, கூடாரத்தில் உட்காரவும் உறங்கவும் தடிமனான குல்லா. தடிமனானதை ஏற்றத்தில் அணியவே அணியாதீர்கள். அது உலர்ந்திருந்தால்தான் இரவில் பயன்படும். பகலில் நனைந்த மெல்லிய குல்லாவைத் தூக்கப்பைக்குள், உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டால் காலைக்குள் ஓரளவு உலர்ந்துவிடும்; வெளியே தொங்கவிட்டால் விறைத்துப் போயிருக்கும். வியர்ப்பதற்கு முன்பே குல்லாவைக் கழற்றிப் பைக்குள் வைப்பதும், நின்றவுடன் மீண்டும் அணிவதும் பழக வேண்டிய ஒழுங்கு. குல்லாவுக்கு விளிம்பு நிழல் கிடையாது, புதிய பனியோ புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஏற வேண்டாம்.

நடைபாதைக் கடைகளிலும், குளிர்காலத்தில் நம் ஊர்களுக்கு வந்து கம்பளி விற்கும் திபெத்தியர்களின் கடைகளிலும் நல்ல குல்லாக்கள் கிடைக்கும். பெரும்பாலானவை அக்ரிலிக்காகவே இருக்கும் என்பதை அறிந்து வாங்குங்கள். கூடாரக் குல்லாவாக அது தாராளமாகப் போதும். சேமிக்கும் பணத்தை நடைக்கான மெரினோவில் போடுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், கண் மட்டும் தெரியும் மங்கி குல்லாவைத்தான் போடுவேன் என்கிறார், அதோடு பனி அள்ளவும் கிளம்பிவிடுகிறார். அந்தக் குல்லா சரியா?
– வாசகி, பிராம்ப்டன், கனடா

பதில்: நடந்து வரும்போது மிகவும் சரி, கழுத்தையும் கன்னத்தையும் சேர்த்து மூடும் அதைக் கேலி செய்ய வேண்டாம். பனி அள்ளும்போது மட்டும் மூச்சின் ஈரம் வாயருகே படிந்து உறையும் என்பதால், முகப்பகுதியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட முடிகிறதா என்று பாருங்கள். உண்மையில் எனக்குக் கவலை குல்லாவைப் பற்றியது அன்று: குளிரில் திடீரென்று கனமான பனியைத் தூக்குவது முதியவர்களின் இதயத்துக்குக் கடுமையான சுமை. மண்வாரியை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவரை நடைக்கு அனுப்புங்கள். திரும்பியதும் அவருடைய காது மரத்தோ வெளுத்தோ இருந்தால் தேய்க்காமல், வெதுவெதுப்பான உள்ளங்கையால் மூடிப் பிடியுங்கள். நிறமும் உணர்வும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கம்பளிக் குல்லாவை இயந்திரத்தில் துவைத்தபோது குழந்தையின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மீட்க முடியுமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: முடியாது. சூடும் ஈரமும் உராய்வும் சேர்ந்தால், கம்பளி இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடும். அடுத்த குல்லாவைக் குளிர்ந்த நீரில், மென்மையான சோப்புக் கரைசலில் அமுக்கி எடுத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, சமதளத்தில் பரப்பி உலர்த்துங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் துவைக்கத் தேவையில்லை, காற்றாட விட்டால் போதும். சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது மட்டும் கட்டாயம் துவைத்து, நன்றாக உலர்த்தி, மூடிய பையில் போட்டு வையுங்கள். வியர்வை படிந்த கம்பளியைத்தான் அந்துப்பூச்சியின் புழு விரும்பித் தின்னும்.