ஒருவரைப் பாடுவது

அன்புள்ள ஐயா,

பின்லாந்தின் வடகோடியைச் சேர்ந்த நில்ஸ்-அஸ்லாக் வல்கெயாப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர் பாடல்களைத் தேடிக் கேட்டேன். 'லோ, லா' என்று நான்கைந்து ஒலிகளே சுற்றிச்சுற்றி வருகின்றன. கதை எதுவும் இல்லை. அவரைக் கதைசொல்லி என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஆள் நடமாட்டமில்லாத இடத்தின் தனிமைதான் அவரை அப்படிப் பாட வைத்ததா?

ஒரு வாசகர், தேனி

அன்புள்ள நண்பருக்கு,

தனிமை என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வல்கெயாப்பா 1943இல் எனொன்டெக்கியோவில் பிறந்தவர். 8000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பகுதி. இன்றும் அங்கே 2000 பேர்கூட இல்லை. வரைபடத்தில் பார்க்கும் நமக்கு அது வெறும் பனிக்காடு. ஆனால் அவர் வீட்டார் ரெயின்டீர் மான் மேய்த்த சாமி இனத்தவர்; வட ஐரோப்பாவின் பூர்வகுடிகள். காதில் வெட்டியிருக்கும் அடையாளத்தைப் பார்த்தே எந்த மான் யாருடையது என்று சொல்லிவிடுகிற மக்கள். யார் மகன், யார் பேரன், யாருக்கு எப்படிச் சிரிப்பு வரும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆள் குறைவு, பழக்கம் அடர்த்தி. நீங்கள் கேட்ட பாட்டு அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது, தனிமையிலிருந்து அல்ல.

அந்தப் பாட்டுக்கு யோய்க் என்று பெயர். சாமி மொழியில் ஒருவரைப் 'பற்றி' யோய்க் பாடுவதில்லை, ஒருவரையே பாடுகிறார்கள். இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. ஔவையார் அதியமானைப் பாடினார் என்றுதான் நாமும் சொல்கிறோம். ஆனால் நம் பாட்டில் அதியமானின் வீரமும் கொடையும் சொல்லாக வரும். யோய்க்கில் அந்த ஆளின் நடையும் சுபாவமும் மெட்டாகவே வந்துவிடும். கேட்பவருக்கு ஆளைத் தெரியும் என்பதால் இரண்டு சொல் போதும், சில சமயம் அதுவும் வேண்டாம். பாடியவருக்கு அது சொந்தமில்லை, பாடப்பட்டவருக்கே சொந்தம் என்பது அவர்கள் வழக்கம். ஓநாய்க்கு யோய்க் உண்டு, மலைக்கும் உண்டு. கதை கேட்பவருக்குள் ஏற்கெனவே இருக்கிறது; மெட்டு அதைத் தொட்டு எழுப்புகிறது. அதனால்தான் கதைசொல்லி என்றேன்.

இதைப் பாவம் என்று சொல்லித் தேவாலயம் தலைமுறை தலைமுறையாக அடக்கிவைத்தது. பக்தியுள்ள வீடுகளில் யோய்க் சத்தமே கேட்கக் கூடாது. ஆசிரியர் பயிற்சி முடித்த வல்கெயாப்பா 1968இல் யோய்க் இசைத்தட்டு வெளியிட்டபோது, ஒரு சமூகம் வெட்கப்படும்படி பழக்கப்பட்டிருந்த ஒன்றைக் கடைத்தெருவில் உரக்கப் பாடினார் என்றே சொல்ல வேண்டும். 1994இல் நார்வேயின் லில்லெஹாம்மர் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவர் யோய்க் பாடினார். நடுவில் இருந்தது 26 வருடம்தான்.

அவருடைய புத்தகத்தையும் சொல்லியாக வேண்டும். 1988இல் வந்தது, 'சூரியன், என் தந்தை' என்று பொருள்படும் தலைப்பு. 1991இல் வட ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து தரும் நோர்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு பெற்றது. கவிதைகளோடு ஏறத்தாழ 400 பழைய புகைப்படங்கள். வெளியூர் ஆய்வாளர்களும் பயணிகளும் எடுத்துக்கொண்டுபோய்த் தங்கள் ஆவணக் காப்பகங்களில் வைத்திருந்த சாமி மக்களின் படங்களை அவர் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார். ஒரு சாமி வாசகர் பக்கத்தைப் புரட்டும்போது தன் பாட்டியின் முகத்தையே பார்க்கக்கூடும். மொழிபெயர்ப்புகளில் அந்தப் படங்கள் கிடையாது. அந்தப் புத்தகத்தில் ஒரு மான் மந்தை வருகிறது. மான்களைக் குறிக்கும் சாமிச் சொற்கள் பக்கம் பக்கமாகச் சிதறி, எழுத்தே மந்தையாக நகர்கிறது. மொழிபெயர்ப்புகளில் அந்தப் பகுதியை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். முதலில் எனக்கு இது வருத்தமாக இருந்தது, வாசலில் நிறுத்திவிட்டார்களே என்று. அப்புறம் யோசித்தபோது அதுதான் நியாயம் என்று பட்டது. யாரெல்லாமோ வந்து எடுத்துக்கொண்டு போன மக்கள் அவர்கள். கொஞ்சமாவது வீட்டுக்குள் இருக்கட்டும்.

சரி, நீங்கள் எங்கே தொடங்கலாம்? அவருடைய பறவைகள் சிம்பொனியில் தொடங்குங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பறவைக் குரல்களும் நீரும் காற்றும். இரவில், வீடு அடங்கிய பிறகு கேளுங்கள். அதன் பிறகு யோய்க்குக்குத் திரும்பி வாருங்கள். 'என்ன சொல்கிறார்' என்று தேடாமல், 'யார் இந்த ஆள்' என்று கேட்டுக்கொண்டே கேளுங்கள். வேகமாக நடப்பவரா, நின்று நின்று போகிறவரா, சட்டென்று சிரித்துவிடுபவரா? ஒரு யோய்க்கை மூன்றாவது தடவை கேட்டபோதுதான், வயதான ஒருவர் பனியில் கால் புதையப் புதைய ஏறி வருவது எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு யார் வந்தார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.