கேள்வி-பதில்: படகிலேயே தங்கி ஸ்கூபா – பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி (கோவை வாசகர்): நானும் மனைவியும் போன வருடம் புதுச்சேரியில் ஸ்கூபா கற்று, அதன் முதல்நிலைச் சான்றிதழான ஓபன் வாட்டர் வாங்கினோம். இதுவரை ஆளுக்கு 14 டைவ் ஆகியிருக்கிறது. வரும் பிப்ரவரியில் மாலத்தீவில் ஏழு இரவு படகிலேயே தங்கி டைவ் செய்யும் லைவ்அபோர்ட் பயணம் போக ஆசை. இரண்டு படகுகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று ஆளுக்கு 1,290 டாலர். வரிகள் தனி, உபகரண வாடகை 200, நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் அளவைக் கூட்டிய சுவாசக் காற்று) 100. இன்னொன்று 1,850 டாலர். டிப்ஸ் தவிர எல்லாம் அதில் அடக்கம். விலை குறைந்ததையே எடுத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்த 1,290 டாலர் கணக்கைப் பார்த்துவிடுவோம். மாலத்தீவில் சுற்றுலாவுக்கான ஜிஎஸ்டி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். 1,290க்கு அது 219 டாலர். பசுமை வரி 2025 ஜனவரியிலிருந்து படகில் தங்குபவர்களுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். ஏழு நாளுக்கு 84. வாடகை 200, நைட்ராக்ஸ் 100. கூட்டினால் 1,893 டாலர். வாடகைக்கும் நைட்ராக்ஸுக்கும் வரி போட்டால் இன்னும் கொஞ்சம் ஏறும். ஆக, குறைந்த விலை என்று நீங்கள் நினைத்த படகுக்குத்தான் அதிகம் செலவாகிறது. இரண்டு படகுக்காரர்களிடமும் ‘நாங்கள் படகை விட்டு இறங்கும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்போம்’ என்று ஒரே தொகையாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மழுப்புகிற இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம். இந்திய ஏஜென்ட் மூலம் டூர் பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்ற வரியையும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

‘ஏழு இரவு’ என்றதும் ஏழு நாளும் டைவ் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் நாள் மதியம் ஏறினால் அதிகபட்சம் ஒரு சோதனை டைவ். கடைசி நாள் விமானம் இருப்பதால் தண்ணீரில் இறங்க முடியாது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டல். 24 மணி நேரம் விடுவதுதான் நல்லது. அதனால் அதற்கு முந்தைய நாளும் காலையில் ஒரு டைவோடு நிறுத்த வேண்டியிருக்கும். நடுவில் இருக்கும் நாட்களில் காலை ஆறரை மணி வாக்கில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று மூன்று டைவ் வழக்கம். ஆக மொத்தம் 17 டைவ் கிடைத்தால் அது நியாயமான திட்டம். திரும்பும் விமானத்தை இதைக் கணக்கில் வைத்தே பதிவு செய்யுங்கள்.

இனி, விலையைவிட முக்கியமான விஷயம். அந்தப் படகில் நீங்கள் ஏழு இரவு தூங்கப் போகிறீர்கள். விளம்பரத்தில் ஜக்குஸி இருக்கும், சூரிய அஸ்தமனத்தில் இரவு உணவு இருக்கும். இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பார்கள் என்பது எங்குமே இருக்காது. நான் படகைத் தேர்வு செய்வதென்றால் அந்தக் கேள்வியில்தான் தொடங்குவேன்.

காரணம் இருக்கிறது. 2019 செப்டம்பர் 2 அதிகாலை, அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். அங்கிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன: ஒரு படிக்கட்டு, ஓர் அவசர வழி. ஆனால் இரண்டுமே மேலே இருந்த ஒரே கூடத்தில்தான் திறந்தன. தீ எரிந்ததும் அதே கூடத்தில். இரவில் படகைச் சுற்றிவந்து பார்க்கும் காவல் ஆள் இல்லை என்பதை அமெரிக்க விசாரணை அமைப்பு முக்கியக் குறையாகச் சொன்னது. கேப்டனுக்குப் பின்னர் சிறைத் தண்டனை கிடைத்தது. அப்புறம் 2024 நவம்பரில், எகிப்தின் செங்கடலில் சீ ஸ்டோரி என்ற படகு அதிகாலை இருட்டில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதே கடலில் 2023 ஜூனில் ஹரிகேன் என்ற படகு எரிந்து மூன்று பிரிட்டிஷ் பயணிகள் இறந்தார்கள்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் இப்படிப் போய் மகிழ்ச்சியாகத் திரும்புகிறார்கள். ஆனால் இந்த விபத்துகள் எதைக் கேட்க வேண்டும் என்று காட்டிவிட்டன. இரண்டு படகுகளுக்கும் இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்:

‘எங்கள் அறை எந்தத் தளத்தில்? அங்கிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டா, இரண்டும் வெவ்வேறு இடத்தில் திறக்குமா? இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை விழித்திருந்து சுற்றிப் பார்க்கும் ஆள் யார்? டார்ச், கேமரா பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்வோம், இரவில் அதைக் கண்காணிப்பது யார்? ஒவ்வொரு அறையிலும் புகை எச்சரிக்கைக் கருவி உண்டா? படகு எந்த ஆண்டு கட்டியது, பிறகு கூடுதல் தளம் ஏதும் எழுப்பினார்களா, கடைசியாக எப்போது கரையேற்றிப் பழுது பார்த்தார்கள்? முதலுதவிக்கான ஆக்ஸிஜன் எத்தனை மணி நேரத்துக்கு இருப்பு வைத்திருக்கிறீர்கள்?’

நல்ல படகுக்காரர் இதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார். இரவுக் காவல் நேரத்தைப் பட்டியலாகவே அனுப்பி வைப்பார். ‘டோன்ட் வொரி சார், வெரி சேஃப்’ என்று மட்டும் பதில் வந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள், 500 டாலர் குறைவாக இருந்தாலும் சரி. ஏறிய அன்று மாலையே அறையிலிருந்து அவசர வழியில் ஒருமுறை நீங்களே வெளியே வந்து பாருங்கள். கதவு கனமாக இருக்கிறதா, வழியில் பைகள் அடுக்கியிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். லைஃப் ஜாக்கெட் கட்டிலுக்கு அடியில் இருந்தால் ஒருமுறை எடுத்து மாட்டியும் பாருங்கள்.

மேல்தள அறைக்கு 150, 200 டாலர் கூடக் கேட்பார்கள். முடிந்தால் கொடுங்கள். கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு என்பது உண்மைதான். வாந்தி, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது சௌகரியம். இருந்தும், கதவைத் திறந்தால் நேரே திறந்தவெளி என்ற நிம்மதிக்கு அந்தப் பணம் தகும் என்பது என் கருத்து. மாலத்தீவுப் படகுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. டைவ் செய்வதற்கென்று தனியாக ஒரு தோணி கூடவே வரும். சிலிண்டர், கம்ப்ரஸர் எல்லாம் அதில்தான். தூங்கும் படகில் இரைச்சல் இருக்காது. ஆபத்து என்றால் பக்கத்திலேயே இன்னொரு படகும் இருக்கிறது. உங்கள் இரண்டு படகுகளுக்கும் தனித் தோணி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீங்கள். 14 டைவ், ஓபன் வாட்டர் என்றால் நீங்கள் பயிற்சி பெற்ற ஆழம் 18 மீட்டர். மாலத்தீவின் பெயர்போன இடங்கள் கந்து எனப்படும் கால்வாய்களும், திலா எனப்படும் கடலடிக் குன்றுகளும். கடல்நீர் பவளத்தீவு வளையத்துக்குள் புகுந்து வெளியேறும் வாய் அந்தக் கால்வாய். நீரோட்டம் பலமாக இருக்கும்போதுதான் சுறாக்கள் வாசலில் வந்து நிற்கும். அதைப் பார்க்க 25, 30 மீட்டர் ஆழத்தில் பாறை விளிம்பைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால்தான் நிறைய படகுகள் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழும் 50 டைவ் அனுபவமும் கேட்கின்றன. சில படகுகள் ‘பரவாயில்லை, வாங்க’ என்று சொல்லும். அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது, எத்தனை பேருக்கு ஒரு கைடு என்பது. உங்கள் அனுபவத்துக்கு நான்கு பேருக்கு ஒருவர் வேண்டும். எட்டுப் பேருக்கு ஒருவர் என்றால் நீரோட்டத்தில் உங்களைக் கவனிக்க அவருக்கு நேரம் இருக்காது.

என் யோசனை இது. நான்கைந்து நாள் முன்னதாகப் போய், தெற்கு ஆரி பக்கம் திகுரா மாதிரி ஒரு மக்கள் வசிக்கும் தீவில் விருந்தினர் இல்லத்தில் தங்குங்கள். அங்கேயே அட்வான்ஸ்டு, நைட்ராக்ஸ் இரண்டையும் முடித்துவிடலாம். திமிங்கிலச் சுறா வருடம் முழுவதும் உலவும் பகுதி அது. படகு ஏறும் முன்பே பார்க்கவும் வாய்ப்புண்டு. நைட்ராக்ஸில் ஆக்ஸிஜன் வழக்கமாக 32 சதவீதம். நாளுக்கு மூன்று டைவ் என்று ஐந்து நாள் போகும்போது உடம்பில் நைட்ரஜன் சேருவதை அது குறைக்கும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் நைட்ராக்ஸ் சிலிண்டர் தர மாட்டார்கள். அப்புறம் எதற்கு 100 டாலர் கட்டுவது?

அவ்வளவு நாள் விடுப்பு இல்லையென்றால் மாலத்தீவை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, தாய்லாந்தின் சிமிலான் தீவுகளுக்கு நான்கு இரவுப் படகில் போய் வாருங்கள். அந்தத் தேசியப் பூங்கா அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரை திறந்திருக்கும். படகு வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழி.

பிப்ரவரி நல்ல மாதம். வடகிழக்குக் காற்றுக் காலம், மழை குறைவு. கிழக்கு ஓரக் கால்வாய்களில் தண்ணீர் தெளிந்திருக்கும், மான்டா திருக்கைகள் மேற்கு ஓரத்தில் கிடைக்கும். மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் கூடும் மான்டா கூட்டத்தைக் காட்டி யாராவது பிப்ரவரிப் பயணம் விற்றால் நம்பாதீர்கள். அதன் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதியும் கிடையாது, மேலே நீந்தித்தான் பார்க்கலாம். இன்னொன்று, மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்குச் சட்டப்படி 30 மீட்டர்தான் எல்லை. 40 மீட்டர் கூட்டிப்போகிறோம் என்று பெருமையடிக்கும் படகு வேறு எந்த விதியையெல்லாம் மீறுகிறதோ.

கடைசியாக, காப்பீடு. நம் ஊர் பயணக் காப்பீட்டுப் பாலிசிகளில் ஸ்கூபா பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும், அல்லது ஆழ வரம்பு போட்டிருப்பார்கள். டைவிங்குக்கான தனிக் காப்பீடு எடுங்கள். டைவால் உடம்பில் உண்டாகும் நைட்ரஜன் குமிழ்களுக்கான அழுத்த அறைச் சிகிச்சையும், அங்கு கொண்டுசேர்க்கும் படகு, விமானச் செலவும் அதில் அடங்குகிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.

கேள்வி (சென்னை வாசகி): 44 வயது, தனியாகப் போகிறேன். அறையில் இன்னொருவர் இல்லாவிட்டால் 60 சதவீதம் கூடுதல் என்கிறார்கள். சிறு வயதில் ஆஸ்துமா இருந்தது, இப்போது இல்லை. படகுக்காரர் கேட்கும் மருத்துவப் படிவத்தில் அதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் முன்பணம் கட்டும் முன்பே. டைவிங் பற்றித் தெரிந்த மருத்துவரிடம் நுரையீரல் பரிசோதனை செய்து, கையெழுத்து வாங்கிய பிறகு இடம் பதிவு செய்யுங்கள். படகில் ஏறிய பின் கொடுக்கும் படிவத்தில் ‘ஆஸ்துமா’ என்று டிக் போட்டு, கையில் மருத்துவர் கடிதமும் இல்லையென்றால், உங்களைத் தண்ணீரில் இறங்க விடாமல் நிறுத்திவிடலாம். அப்போது பணமும் திரும்பாது. மறைத்து டிக் போடாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து, காப்பீடும் கைவிடும்.

கூடுதல் கட்டணத்துக்கு ஒரு வழி உண்டு. இன்னொரு பெண் டைவருடன் அறையைப் பகிரச் சம்மதம் என்று சொல்லுங்கள். பல படகுகள் அப்படி ஜோடி சேர்த்துக் கூடுதல் கட்டணத்தை விட்டுவிடும். ஆள் கிடைக்காவிட்டாலும் கட்டணம் கேட்க மாட்டோம் என்பதையும், அறையைப் பகிர்பவர் பெண்ணாகத்தான் இருப்பார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): சென்னை ஏஜென்ட் ஒருவரிடம் லைவ்அபோர்ட் பயணத்துக்கு 1.6 லட்சம் கட்டினேன். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது வேறு படகு என்கிறார்கள். பழையது, நைட்ராக்ஸும் இல்லை. ரத்து செய்தால் பணம் வராது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ‘ரத்து செய்கிறேன்’ என்ற சொல்லை எங்கும் எழுதாதீர்கள். நீங்கள் எழுதினால் அவர்களுடைய ரத்து விதி உங்கள் மேல் பாயும். ‘நான் பணம் கட்டியது இன்ன படகுக்கு, இன்ன வசதிகளுக்கு. அதைத் தாருங்கள், இல்லையென்றால் முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள்’ என்று தேதி குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பழைய படகின் பெயர் உள்ள ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ‘படகை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கலாம். அப்படியிருந்தாலும் தரம் குறைந்ததைக் கொடுத்துவிட்டு முழு விலை வாங்குவது சேவைக் குறைபாடு என்று வாதிட உங்களுக்கு இடம் இருக்கிறது.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை) கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு, நாளைக் கடத்த வேண்டாம். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஏஜென்ட் இந்தியாவில் இருப்பதால்தான் இதெல்லாம் இவ்வளவு சுலபம். வெளிநாட்டுக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தால் தீர்ப்பு வாங்கினாலும் வசூலிப்பது பெரும்பாடு.

ஒருவேளை அந்த மாற்றுப் படகிலேயே போவது என்று முடிவு செய்தால், விலைக் குறைப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோவை வாசகருக்குச் சொன்ன அந்த மின்னஞ்சல் கேள்விகளை நீங்களும் அனுப்பிப் பதில் வந்த பிறகு கிளம்புங்கள்.