எட்டு மணி நேரம் படித்தும் ஏன் தோற்கிறேன்?

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வருவேன். இங்கே இரண்டு செமஸ்டரில் மூன்று பாடம் போய்விட்டது. அதில் இரண்டு கணிதம். நான் நேரத்தை வீணாக்குவதில்லை. தினமும் எட்டு மணி நேரம் படிக்கிறேன். புத்தகத்தைப் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வு அறையில் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எனக்கு அறிவே இல்லையோ? படிப்பை விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அறிவைப் பற்றிய கேள்வியை அப்புறம் பார்க்கலாம். ‘புத்தகத்தைப் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கட்டுரையை ஒரு குழு நான்கு சுற்றும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்தது. மீதி மூன்று சுற்றிலும் கட்டுரையைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை மாறிவிட்டது. அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை என்னவென்றால், ‘ஒரு வாரம் கழித்தும் நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

உங்களுக்கு நடப்பதும் இதுதான். பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. ஹைலைட்டர் வைத்துக் கோடு போடுவதும் பெரும்பாலும் இந்த வகைதான். கையில் வேலை நடக்கும், தலையில் நடக்காது. (வண்ண வண்ணமாகக் கோடு போட்ட நோட்டு பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை.)

ஆகவே மணிக்கணக்கை விடுங்கள். ஒரு பகுதியைப் படித்ததும் மூடிவிட்டு, வெற்றுத்தாளில் நினைவிருப்பதை எழுதுங்கள். முதல் வாரம் அசிங்கமாக இருக்கும், நாலு வரிகூட வராது. வராத இடம் எது என்று பார்த்து அதை மட்டும் திரும்பப் படியுங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நான்கு நாள் கழித்து ஒருமுறை, இன்னும் பத்து நாள் விட்டு ஒருமுறை இதையே செய்யுங்கள். கொஞ்சம் மறந்த பிறகு முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதில்தான் பலன் அதிகம். ஒரே நாளில் ஐந்து முறை செய்தால் அது கிடைக்காது.

கணிதத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தீர்த்துவைத்த கணக்கை வரிவரியாகப் படித்து ‘சரி, சரி’ என்று தலையாட்டுவது கணக்குப் போடுவது ஆகாது. விடையை மறைத்துவிட்டு நீங்களே போடுங்கள். பத்து நிமிடமாவது மாட்டிக்கொண்டு முழியுங்கள், அப்புறம் பாருங்கள். இன்னொன்று, ஒரே வகைக் கணக்கு இருபதை அடுத்தடுத்துப் போடாமல் பல வகைகளைக் கலந்து போடுங்கள். ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. காரணம் எளிது. ‘இது இந்தப் பாடத்துக் கணக்கு’ என்று தேர்வுத்தாளில் தலைப்புப் போட்டுத் தரமாட்டார்கள். எந்த முறை எந்தக் கணக்குக்கு என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை, அந்தப் பாதியை நீங்கள் பழகவே இல்லை.

இதையெல்லாம் தொடங்குமுன், திருத்திய விடைத்தாளைப் பார்க்க வழி இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் பாருங்கள். போன மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் குறியுங்கள்: தெரியவில்லை, தெரிந்தும் வரவில்லை, நேரம் போதவில்லை, கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். இரண்டு கணிதமும் போயிருப்பதால் எனக்கு ஒரு சந்தேகம். முதல் பாடத்தின் அடிப்படை ஓட்டையாக இருந்தால் இரண்டாவதில் எவ்வளவு உழைத்தாலும் ஒட்டாது. அப்படியென்றால் முதல் பாடத்தை முதலில் முடியுங்கள். மூன்று அரியரையும் இந்த செமஸ்டர் பாடங்களோடு சேர்த்து ஒரே மூச்சில் முடிக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். அந்த வைராக்கியத்தில் புதிதாக இரண்டு சேர்ந்துகொள்ளும்.

பள்ளியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தது பொய்யில்லை. ஆனால் அங்கே ஆண்டு முழுக்க ஆசிரியர்கள் தேர்வு வைத்துக்கொண்டே இருந்தார்கள். தெரிந்தோ தெரியாமலோ மேலே சொன்ன பயிற்சியை அவர்களே உங்களுக்குக் கொடுத்தார்கள். இங்கே அதை நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது, அதை யாரும் சொல்லித் தரவில்லை. அறிவு பற்றிய உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில்.

படிப்பை விடுவதா? முடிவு வந்த சூட்டில் அதைத் தீர்மானிக்காதீர்கள். ஒரு செமஸ்டர் முறையை மாற்றிப் படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இந்தத் துறையே பிடிக்கவில்லை என்று தோன்றினால் மாறுவதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எழுந்து வகுப்புக்குப் போகவே முடியாத நிலை இருந்தால், அது படிக்கும் முறையை மாற்றிச் சரியாகிற விஷயம் இல்லை. உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரையோ, ஒரு மருத்துவரையோ பாருங்கள். உயிர் வேண்டாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் அப்போதே சொல்லுங்கள்.

வீட்டில் சொல்லியே ஆக வேண்டும். ஒளித்துவைப்பதற்குச் செலவாகும் மனத்தெம்பு படிப்புக்கு வேண்டியிருக்கிறது. அம்மா அப்பாவில் யாரிடம் பேசுவது எளிதோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். ‘மூன்று பாடம் போய்விட்டது, இதனால்தான் போயிற்று, இந்தப் பாடத்தை இப்போது எழுதப்போகிறேன், மற்றதை அடுத்து’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். கோபம் வரும், கொஞ்சம் அழுகையும் வரலாம். மூன்றாம் மனிதர் மூலம் தெரியவந்தால் வரும் கோபத்தைவிட இது குறைவாகத்தான் இருக்கும். போனைக் கையில் எடுக்குமுன், மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன, ஒரு பாடத்தை எத்தனை முறை எழுதலாம் என்பதைத் தேர்வுப் பிரிவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்கப்போகும் முதல் இரண்டு கேள்வி அவைதான்.