கொடுக்க முடியாமல்போன மருந்தின் கணக்கு

கேள்வி: சுகாதாரத்துக்கு ஒதுக்கும் பணத்தை எங்கே செலவழிப்பது என்பதில் தங்கள் கருத்தையும் கேட்க வேண்டும் என்று சுகாதார ஊழியர்கள் சொல்கிறார்கள். 2024இல் கொடுப்பனவுக்காக வேலையை நிறுத்தி நோயாளிகளைத் தவிக்கவிட்டவர்கள்தானே இவர்கள்? திறைசேரியும் நிபுணர்களும் முடிவெடுக்கும் விஷயத்தில் தாதிக்கும் மருந்தாளருக்கும் என்ன வேலை?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் வைத்தியர்களின் கொடுப்பனவை 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆக்க அரசு முடிவெடுத்தது. உடனே மற்ற ஊழியர்களின் 72 தொழிற்சங்கங்கள் அதே தொகையைக் கேட்டுப் பணிப்புறக்கணிப்பில் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தை அனுப்பும் நிலை வந்தது. கிளினிக் நாளென்று விடியற்காலையில் பஸ் ஏறி வந்து, வெறுங்கையோடு திரும்பிய முதியவர்களை நானும் மறக்கவில்லை.

ஆனால் சங்கம் சம்பளத்துக்குப் பேசுவது வேறு, வார்டில் நிற்பவர் கண்ணால் காண்பது வேறு. முன்னதில் உள்ள கோபத்தால் பின்னதையும் கேட்க மாட்டேன் என்றால் நட்டம் நோயாளிக்குத்தான்.

ஒதுக்கீட்டைத் திறைசேரி முடிவு செய்கிறது என்கிறீர்கள். தொகையை மட்டும்தான் அது முடிவு செய்கிறது. தொகை போதாமல்போகும் இடத்தில் யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லையென்பது என்ற முடிவு மருந்து கவுண்டரில் நடக்கிறது. கொழும்பில் ஏதாவதொரு அரச வைத்தியசாலையில், மருந்துத் தட்டுப்பாடு உள்ள நாளில் போய் நின்று பாருங்கள். நீரிழிவும் பிரஷரும் உள்ள ஒரு அம்மா கிளினிக் கொப்பியை நீட்டுகிறார். ஒரு மாதத்துக்கு எழுதியிருக்கிறது. மருந்தாளர் இரண்டு கிழமைக்கு மட்டும் எண்ணிப் போடுகிறார், வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் வேண்டுமே. இன்னொரு மருந்து அறவே இல்லை. துண்டொன்றில் பெயரை எழுதிக் கொடுத்து, "இதை வெளியில வாங்குங்கோ அம்மா" என்கிறார். 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு முழுக்க இதுதான் கதை.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது அதற்கு அடுத்த கட்டம். அந்த அம்மாவுக்குக் கொடுத்த இரண்டு கிழமை மாத்திரை கணக்கில் ஏறும். கொடுக்காத இரண்டு கிழமை ஏறாது. வெளியில் வாங்கச் சொன்ன மருந்து எந்தப் பதிவேட்டிலும் வராது. அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று மதிப்பிடும்போது, முந்திய ஆண்டில் எவ்வளவு செலவானது என்பதுதான் பெரும்பாலும் அடிப்படை. அப்படியானால் தட்டுப்பாடு இருந்த ஆண்டின் குறைந்த எண்ணிக்கையே அடுத்த ஆண்டின் தேவையாகிவிடுகிறது. கொழும்பில் அமர்ந்திருக்கும் நிபுணர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவர் மேசைக்கு வராத எண்ணை அவரால் கூட்ட முடியாது. அந்த எண் தெரிந்தவர் துண்டு எழுதிக் கொடுத்த மருந்தாளர் ஒருவர்தான். அவரைக் கேட்க வேண்டாம் என்கிறீர்களா?

1951இலேயே அரச வைத்தியசாலையில் கட்டணத்தை நீக்கினார்கள். ஆனாலும் இந்த நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதிக்குக் கிட்ட மக்கள் தங்கள் கையிலிருந்தே கொடுக்கிறார்கள். அந்தத் துண்டுகளும் அதில் சேர்ந்ததுதான்.

சரி, ஊழியர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்களா? மாட்டார்கள். பெரிய வைத்தியசாலையின் விசேட வைத்தியர் புதிய ஸ்கேன் இயந்திரம் கேட்பார். அங்கேயே வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளர், இருக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க முதலில் காசு தாருங்கள் என்பார். வார்டுத் தாதி, ஒரு கட்டிலில் இருவரும் தரையில் பாயுமாக நோயாளிகள் கிடக்கும்போது இரவுக்கு ஆள் போதவில்லை என்பார். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால், கொழும்புக்கு இத்தனை பேர் ஏன் வருகிறார்கள் என்பதிலிருந்தே தொடங்குவார். ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் கட்டில் காலியாகக் கிடக்கும், ஆனால் மருந்தும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லை, பின்னேரத்தில் வைத்தியரும் இல்லை. யாரும் எந்த வைத்தியசாலைக்கும் நேரே போகலாம் என்பது நம் நாட்டு வழக்கம். அப்புறம் சனம் பஸ் ஏறாமல் என்ன செய்யும்?

இந்தக் கடைசிக் குரலுக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையும் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரும். 1940களின் முற்பகுதியில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. இன்று அது முப்பதை ஒட்டி நிற்கிறது. அதில் பெரிய பங்கு இந்தக் கடைநிலைச் சேவைக்கு உண்டு. இப்போது நம்மைக் கொல்வது பெரும்பாலும் இதயநோய், நீரிழிவு, புற்றுநோய். இவற்றுக்கும் ஊர் மட்டத்தில் பரிசோதனையும் தொடர் கவனிப்பும் வேண்டும். ஆனால் திறப்பு விழா நடத்திக் கல்வெட்டுப் பதிக்க வசதியானது நகரத்துக் கட்டடம்தான், எந்த ஆட்சி வந்தாலும்.

இன்னொன்றையும் நம் வாசகர்கள் அறிவார்கள். மலையகத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த தமிழ் நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்று வைத்தியருக்குச் சொல்ல, துப்புரவு வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணைக் கூப்பிடுவார்கள். அவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நிற்பார். அந்த வேலைக்கு அவருக்குச் சம்பளமும் இல்லை, பயிற்சியும் இல்லை. நோயாளியின் உயிர் அந்த மொழிபெயர்ப்பில் தொங்குகிறது. எந்த நிபுணர் குழுவின் அறிக்கையில் அவர் இருக்கிறார்?

அதனால் என் பதில் இதுதான்: கேளுங்கள், ஆனால் சங்கத் தலைவர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஆண்டு மதிப்பீட்டை அமைச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் மருந்தாளர், தாதி, சிற்றூழியர் எழுத்தில் கருத்துச் சொல்ல இடம் வேண்டும். மருந்துப் பதிவேட்டில் "கொடுக்க முடியவில்லை" என்று ஒரு நிரல் வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. நீங்களும் ஒன்று செய்யலாம். அடுத்த கிளினிக்கில் ஒரு மருந்து இல்லையென்று சொன்னால் சண்டை பிடிக்காமல், அதன் பெயரையும் திகதியையும் உங்கள் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.