எலும்பு உருகி வெள்ளையாக வருவதில்லை

வெள்ளைப்படுதல் பற்றி வந்த கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. பெயர்களை எடுத்துவிட்டு, வயதையும் ஊரையும் மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் வெளிப்படையாகவே இருக்கும், முகம் சுளிக்காமல் படியுங்கள். இந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துப் பேசியே பலர் தப்பான மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: டாக்டர், எனக்கு 20 வயது. ஹாஸ்டலில் இருக்கிறேன். தினமும் உள்ளாடை ஈரமாகிறது. சில நாள் தண்ணீர் மாதிரி, சில நாள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடுகிறது, அப்புறம் கெட்டியாகிவிடுகிறது. அரிப்பு, நாற்றம் எதுவும் இல்லை. ஊருக்குப் போனால் அப்பத்தா "எலும்பு உருகுதுடி, அதான் இப்படி வத்தலா இருக்கே" என்கிறார். இடுப்பு வலியும் அசதியும் இருப்பது உண்மைதான். (காரைக்குடி)

பதில்: அப்பத்தாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள், ஆனால் எலும்பு எதுவும் உருகவில்லை. எலும்பிலிருந்து பிறப்புறுப்புக்கு வர உடம்பில் ஒரு வழியும் கிடையாது. கர்ப்பப்பை வாயில் இருக்கும் சுரப்பிகள் விடும் திரவம், பிறப்புறுப்புச் சுவரில் ஊறும் ஈரம், உதிர்ந்த செல்கள், அங்கேயே குடியிருக்கும் நல்ல பாக்டீரியா எல்லாம் கலந்ததுதான் நீங்கள் பார்ப்பது. ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் அளவுக்குள் வந்தால் அது சாதாரணம்.

நீங்கள் சொன்ன வரிசையே உங்கள் ஹார்மோன்கள் ஒழுங்காக வேலை செய்வதற்கு அடையாளம். மாதவிலக்கு முடிந்து சில நாள் வறட்சி, அப்புறம் கருமுட்டை வெளிவரும் சமயத்தில் இரண்டு விரலுக்கு நடுவே நூல் மாதிரி இழுபடும் தெளிந்த திரவம், அது முடிந்ததும் கெட்டியாகப் பால் நிறத்தில் கொஞ்சம். காய்ந்தால் துணியில் லேசாக மஞ்சள் தட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். இன்னொன்று, கறுப்பு அல்லது அடர்நீல உள்ளாடையில் நடுப்பகுதி மட்டும் வெளிறி ஆரஞ்சுத் திட்டாகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள், சாயம் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டியும் இருப்பீர்கள். அது அந்த இடத்தின் அமிலம் செய்யும் வேலை. லாக்டோபாசில்லஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் லாக்டிக் அமிலம், அங்கே அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 3.8-க்கும் 4.5-க்கும் நடுவில் வைத்திருக்கிறது. கெட்ட கிருமிகளுக்கு அந்த அமிலம் ஆகாது.

அசதிக்கு வருகிறேன். அதற்கு வேறு காரணம் தேட வேண்டும், முதலில் ஹீமோகுளோபின். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். வெள்ளைப்படுவதைத் திட்டிக்கொண்டே இரும்புச்சத்துக் குறைவை விட்டுவிடுகிறோம். மனசும் ஒரு காரணமாக இருக்கலாம். கோவாவில் பெண்களிடம் நடத்தி 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளைப்படுகிறது என்று சொன்னவர்களிடம் கிருமித் தொற்றைவிட மனஅழுத்தத்தோடும் வீட்டுக் கஷ்டத்தோடும்தான் அதிகத் தொடர்பு தெரிந்தது. சொல்ல முடியாத வருத்தத்தைப் பெண்கள் "வெள்ளைப்படுது டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு வருவதை ஓ.பி.யில் உட்கார்ந்தால் யாரும் பார்க்கலாம். பரீட்சை நெருக்குகிறதா, தூக்கம் சரியாக இருக்கிறதா, அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்வி: வயது 34. ஆறு மாதமாக மீன் கவிச்சி மாதிரி நாற்றம். கணவரோடு சேர்ந்த பிறகு அதிகமாகிறது, கூச்சமாக இருக்கிறது. தினமும் இரண்டு வேளை ஆன்டிசெப்டிக் ஊற்றிய தண்ணீரில் உள்ளே கழுவுகிறேன். மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கினேன், ஒரு வாரம் நன்றாக இருந்து திரும்ப வந்துவிட்டது. (திருப்பூர்)

பதில்: முதலில் அந்த ஆன்டிசெப்டிக் பாட்டிலைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நல்ல பாக்டீரியாவை நீங்களே தினமும் இரண்டு வேளை கொன்றுகொண்டிருக்கிறீர்கள். அது போன இடத்தில் வேறு கிருமிகள் பெருகுகின்றன, நாற்றம் வருகிறது, நாற்றம் வருகிறதே என்று மறுபடி கழுவுகிறீர்கள். படிகாரத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, வாசனை போட்ட வாஷ், எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். வெளிப்பகுதியைச் சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும், உள்ளே தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

சாம்பல் கலந்த வெள்ளை நிறம், நீர்த்த தன்மை, மீன் நாற்றம், உறவுக்குப் பிறகு கூடுவது, அரிப்பு அவ்வளவாக இல்லாதது. இதெல்லாம் சேர்ந்தால், நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகும் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று சந்தேகிப்போம். ஏழு நாள் மெட்ரோனிடசோல் பொதுவான சிகிச்சை. நாற்றம் போய்விட்டதே என்று மூன்றாம் நாள் நிறுத்துபவர்களுக்குத் திரும்ப வரும், முழுக்கச் சாப்பிட்டவர்களுக்கும் சில சமயம் வரும். தயிர்த் திப்பி போல வந்து, தாங்க முடியாத அரிப்பும் எரிச்சலும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று, அதற்கு வேறு மருந்து. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கலாம், அது உறவு வழியாகப் பரவுவது, கணவருக்கும் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டும். அவர் "எனக்கு ஒன்றும் இல்லையே" என்பார். ஆண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது என்று சொல்லிக் கொடுங்கள். மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றல்ல என்னும்போது, மெடிக்கலில் நின்று பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக் கிசுகிசுவென்று சொல்லி வாங்கும் மாத்திரை எதற்கு என்று உங்களுக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது.

உள்ளே ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துப் பார்த்து, திரவத்தைத் தொட்டு எடுத்துச் சோதித்தால் ஐந்து நிமிட வேலை. வலிக்காது, கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், அவ்வளவுதான். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பிறப்புறுப்புத் தொற்றுக்கென்று பச்சை நிறப் பொட்டலத்தில் மருந்து வைத்திருப்பார்கள். அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவின்போது ஆழத்தில் வலி இவற்றில் ஒன்று வெள்ளைப்படுதலோடு சேர்ந்தாலும், காப்பர்-டி போட்டவர்களாக இருந்தால் இன்னும் கட்டாயமாக, அன்றைக்கே போய்விட வேண்டும். தொற்று கருக்குழாய்க்கு ஏறியிருக்கலாம், விட்டால் பின்னால் குழந்தை தங்குவதிலேயே சிக்கல் வரும்.

போகிற போக்கில் ஒன்று. உள்ளாடையைப் புடவைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் பழக்கத்தை விடுங்கள். அரை ஈரத்தோடு எடுத்து மாட்டிக்கொண்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெயிலில், எல்லாரும் பார்க்கத்தான் காயட்டுமே!

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதமாக அந்த இடத்தில் அரிப்பு, சிவந்து தோல் வெடித்திருக்கிறது. களிம்பு போட்டால் அடங்குகிறது, திரும்ப வருகிறது. (சேலம்)

பதில்: மூன்று மாதத்துக்கு முன்னால் சர்க்கரை மாத்திரையை மாற்றினார்களா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற பெயர் இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. இந்த மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன, பூஞ்சைக்கு அது விருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து என்பதால் அம்மாவாக நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றுவதா தொடர்வதா என்று அவர் முடிவு செய்வார். மாத்திரை மாறவில்லை என்றால் மூன்று மாத சராசரிச் சர்க்கரையைப் பாருங்கள், ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. களிம்பின் பெயரையும் கவனியுங்கள், ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். இவை எதுவும் இல்லை என்றாலும் வெடிப்பு ஆறாமல் இருந்தால் தோலை நேரில் காட்டுங்கள், இந்த வயதில் வேறு தோல் நோய்களும் இதே மாதிரி வரும்.

கேள்வி: எட்டாம் மாதம். தண்ணீர் மாதிரி வருகிறது, சிறுநீரா வெள்ளைப்படுதலா தெரியவில்லை. அடுத்த செக்கப் பத்து நாள் கழித்து. (நாகப்பட்டினம்)

பதில்: இதைப் பத்திரிகையில் படிக்கும் வரை காத்திருக்காமல் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன், கடிதம் கிடைத்தவுடனேயே தனியாகவும் பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கர்ப்ப காலத்தில் வெள்ளைப்படுவது கூடும், அது இயல்பு. ஆனால் தண்ணீராகக் கசிந்துகொண்டே இருந்தால், படுத்து எழுந்ததும் குபுக்கென்று வந்தால் பனிக்குடம் கசிகிறதோ என்று பார்த்தே ஆக வேண்டும். சுத்தமான பேட் ஒன்றை வைத்துக்கொண்டு கிளம்புங்கள், அந்தப் பேடைத் தூக்கிப் போடாமல் காட்டுங்கள். பச்சை நிறம், ரத்தம், காய்ச்சல், குழந்தை அசைவு குறைவது, இதில் ஏதாவது இருந்தால் 108. அரிப்புக்கு மெடிக்கலில் வாயில் போடும் பூஞ்சை மாத்திரையை இந்தச் சமயத்தில் வாங்கிச் சாப்பிடாதீர்கள், கர்ப்பிணிகளுக்கு உள்ளே வைக்கும் மாத்திரை இருக்கிறது.

கேள்வி: எனக்கு 42 வயது, இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு செய்தாகிவிட்டது. வெள்ளைப்படுகிறது என்று போனேன். ஸ்கேன் எடுத்துவிட்டு "கர்ப்பப்பை வாயில் புண் இருக்கு, கர்ப்பப்பையும் வீங்கியிருக்கு, விட்டால் கேன்சர் ஆகும், எடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். வீட்டில் எல்லாரும் "இனி அது எதற்கு, எடுத்துடு" என்கிறார்கள். (விழுப்புரம்)

பதில்: இந்தக் கடிதம்தான் என்னைக் கோபப்படுத்தியது. வாயில் இருக்கும் புண் ஸ்கேனில் தெரியாது. உள்ளே கருவி வைத்து யாராவது பார்த்தார்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. இங்கே புண் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி புண்ணே கிடையாது, கர்ப்பப்பைக் கழுத்தின் உட்பக்கத்துச் செல்கள் ஹார்மோன் காரணமாக வெளிப்பக்கம் எட்டிப் பார்ப்பதால் சிவப்பாகத் தெரியும். அது கேன்சராக மாறாது. இரண்டு பிள்ளை பெற்றவளின் கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாக இருப்பதும் நோய் அல்ல.

கேன்சர் பயத்துக்கு நேரான பதில் பரிசோதனை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸால், பல வருடம் எடுத்துக்கொண்டு வருவது. ஆரம்ப மாற்றத்தைப் பிடித்தால் அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ கொஞ்சம் எடுத்தோ முடித்துவிடலாம். 30 வயது தாண்டிய எல்லாருக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும், கர்ப்பப்பை வாய்ச் சோதனை வேண்டும். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்து, 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்துச் சிகிச்சை தந்ததிலேயே அந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. அங்கிருந்து செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர், எச்.பி.வி. சோதனை இருந்தால் அதுவும் சரி. உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், ரத்தம் கலந்து அழுகல் நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, இதெல்லாம் இருந்தால் மட்டும் "சோதனை முகாம் வரட்டும்" என்று காத்திருக்காதீர்கள்.

கர்ப்பப்பையை எடுத்தால் வெள்ளைப்படுவது நின்றுவிடும் என்பதும் உறுதியில்லை, பிறப்புறுப்பின் சுவர் அங்கேதானே இருக்கிறது. கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் 42 வயதிலேயே மெனோபாஸ், அப்போதுதான் உண்மையிலேயே எலும்பு தேயும். தேவையில்லாமல் கர்ப்பப்பையை அகற்றுவது குறித்த பொதுநல வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் அமல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. அந்த அளவுக்கு நாட்டில் இது நடக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ இரண்டாவது கருத்துக் கேளுங்கள், ஸ்கேன் படங்களை மறக்காமல் எடுத்துப் போங்கள். வீட்டில் "எடுத்துடு" என்பவர்களிடம், "நேரில் பார்த்த டாக்டர் சொல்லட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: 61 வயது. மாதவிலக்கு நின்று பத்து வருடம். போன மாதம் இரண்டு முறை துணியில் காப்பிக் கறை மாதிரி. வலி இல்லை. இப்போது நின்றுவிட்டது. (நாகர்கோவில்)

பதில்: நின்றுவிட்டாலும் இந்த வாரமே போங்கள் அம்மா. வறட்சியால் தோல் மெலிந்து கசிந்திருக்கலாம், பலருக்கு அவ்வளவுதான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் இப்படித்தான், வலியில்லாமல் ஒரு சொட்டுக் கறையாக முதலில் தலை காட்டும், ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்கலாம். ஸ்கேனில் சவ்வின் தடிமனைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மருமகளிடம் சொல்லக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்த அழுத்தம் பார்க்க என்று சொல்லிக்கொண்டாவது போய்விடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 11 வயது, இன்னும் பெரியவளாகவில்லை. இரண்டு மாதமாக வெள்ளையாகப் படுகிறது. (மதுரை)

பதில்: நாற்றம், அரிப்பு, ரத்தம் இல்லை என்றால் சந்தோஷமான செய்தி. வயதுக்கு வருவதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்னாலிருந்தே ஹார்மோன் சுரந்து இப்படி வரத் தொடங்கும். இதுவே நாலைந்து வயதுக் குழந்தைக்கு நாற்றத்தோடு வந்தால் கதை வேறு. டிஷ்யூ துண்டு, மணி மாதிரி எதையாவது உள்ளே போட்டுக்கொண்டிருக்கலாம், கீரிப்பூச்சித் தொல்லையாக இருக்கலாம், யாராவது தொட்டுத் துன்புறுத்தியிருக்கவும் கூடும், அதனால் குழந்தையை அதட்டாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகளிடம் இனி என்ன நடக்கப்போகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து பேசிவிடுங்கள், பள்ளிப் பையின் ஓரத்தில் ஒரு பேடும் மாற்று உள்ளாடையும் வைத்துவிடுங்கள்.