பழைய டீசல் பம்ப்செட் ஆயிலைக் குடிக்கிறது; கசிவு தெரியவில்லை. எங்கே போகிறது?

மேலூர்ப் பக்கம் கிணற்றடியில் ஓடும் பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின் என்கிறீர்கள். உடனே ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) மாற்றச் சொல்பவரைக் கொஞ்சம் காக்க வையுங்கள்.

முதலில் ஆயில் அளவு சரிதானா? எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஆயில் குச்சியைப் (டிப்ஸ்டிக்) பாருங்கள். மேடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது பொய் சொல்லும். பிறகு எஞ்சினைத் துடைத்து, மேலே முகப்பவுடரைத் தூவி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள் (சுழலும் பாகங்களில் கை வைக்க வேண்டாம்). கசிவு இருந்தால் ஈரக்கோடாகத் தெரியும்.

பலரும் கோட்டை விடுவது பிரீதரில், அதாவது எஞ்சின் மூச்சுவிடும் துவாரத்தில்தான். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் நல்ல ஆயில் சீலையும் மீறி எண்ணெய் வெளியே வரும். ஆயில் சீலை மூன்று முறை மாற்றியும் நிற்கவில்லை என்று புலம்புபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

வெளியே ஒன்றும் இல்லையென்றால் புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் விவகாரம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் கிளப்பும்போது மட்டும் நீலமாக வந்து தெளிந்தால் வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) மீது சந்தேகம். நீர் இறைக்கும்போது விடாமல் வந்தால், பிரீதரும் குபுகுபுவென்று ஊதினால், ரிங்கோ லைனரோ (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கும்.

ஆனால் எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிக்கும் ஏர் கிளீனரின் எண்ணெய்க் கிண்ணத்தைக் குறிக்கு மேல் நிரப்பியிருந்தாலும், அந்த எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு நீலப்புகை வரும். அதைப் பார்த்துவிட்டு எஞ்சினைப் பிரியுங்கள்.