முதல் முறை விமானத்தில் போகிறேன், சென்னையிலிருந்து டெல்லிக்கு. நன்றாக அலங்கரித்துக்கொண்டு போகலாமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போகலாம். இப்படிக் கேட்கிற பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "டீ-ஷர்ட், டிராக் பேன்ட் போதும், அங்கே யார் உங்களைப் பார்க்கப்போகிறார்கள்" என்பதுதான். யாரோ பார்க்கவேண்டும் என்றுதான் பெண்கள் உடுத்துகிறார்கள் என்ற நினைப்பே எனக்குக் கசக்கிறது. இறங்கியதும் நேராக ஒரு நிச்சயதார்த்தத்துக்கோ இன்டர்வியூவுக்கோ போகவேண்டியவராக இருப்பீர்கள். இல்லாவிட்டாலும் உங்கள் விருப்பம். அலங்காரம் விமானத்துக்கு இடைஞ்சல் இல்லை. உலோகம், திரவம், எடை, குதிகாலின் உயரம் இந்த நான்கும்தான் இடைஞ்சல்.

முதலில் செருப்பு. டெல்லி விமான நிலையத்தில் விமானம் வந்து நிற்கும் கேட்டிலிருந்து பெட்டி எடுக்கும் இடம் வரை நடக்கும் தூரம் அதிகம். சில சமயம் ஏரோபிரிட்ஜ், அதாவது கேட்டிலிருந்து நேராக விமானத்துக்குள் போகும் நடைபாதை, கிடைக்காது. பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கி, ஏணிப்படியில் ஏறச் சொல்வார்கள், காற்று வேறு அடிக்கும். பென்சில் ஹீல்ஸை செக்-இன் பெட்டியில் (கவுன்டரில் எடைபோட்டுக் கொடுத்துவிடும் பெட்டி) வைத்துவிட்டு, பின்பக்கம் வார் உள்ள பிளாக் ஹீலோ, வட இந்தியத் தட்டைக் காலணியான ஜூத்தியோ போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கும். காலையில் கச்சிதமாக இருந்த செருப்பு இறங்கும்போது கடிக்கும். அவசரமாக வெளியேற நேர்ந்தால் ஊதிய சறுக்குப் பாதை கிழியாமல் இருக்க ஹை ஹீல்ஸைக் கழற்றிவிட்டுத்தான் குதிக்க விடுவார்கள்.

புடவை கட்டலாம், "புடவையில் ஃப்ளைட்டா?" என்று கேட்பவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். எஸ்கலேட்டரில் மட்டும் கவனம். படிகள் உள்ளே போய் மறையும் இடத்தில் சீப்புப் பல் போல ஒரு தகடு இருக்கும், கொசுவத்தின் நுனியை அதுதான் இழுக்கும். பக்கச் சுவருக்கும் படிக்கும் நடுவே உள்ள இடுக்கும் அப்படித்தான். கொசுவத்தை ஒரு கையால் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள், அல்லது லிஃப்டில் போங்கள். காட்டன், லினன், மென்பட்டு எல்லாம் வசதி. கனத்த ஜரிகைப் பட்டு மடியில் மடிப்பு மடிப்பாகக் கசங்கிவிடும். சீட் பெல்ட்டை வயிற்றுக்கு மேல் அல்ல, இடுப்பெலும்பை ஒட்டித் தாழ்வாகப் போடவேண்டும்; கொசுவம் செருகிய இடத்துக்குக் கீழே அது வந்துவிடுவதால் புடவை அவிழாது. ஜம்ப்சூட் மட்டும் வேண்டாம் என்பேன். கழிப்பறை ஓர் ஆள் திரும்பும் அளவுதான், தரை ஈரமாக இருக்கும், முழு உடையையும் கழற்ற அங்கே இடமில்லை. உள்ளே குளிரும், ஒரு சால்வையோ கனமான துப்பட்டாவோ கைப்பையில் இருக்கட்டும்.

பாதுகாப்புச் சோதனையில் பெண்களுக்குத் தனி வரிசை. திரை போட்ட அறைக்குள் பெண் காவலர் கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரால் உடல் முழுக்கத் தடவிப் பார்ப்பார். கல் வேலை, கண்ணாடி வேலை, உலோகப் பெல்ட், பிராவின் கம்பி, ஹேர்பின் எல்லாம் சத்தம் போடும். பயப்பட ஒன்றுமில்லை, என்ன என்று கேட்டால் சொல்லுங்கள். கனத்த வளையல், பெல்ட், பெரிய ஜிமிக்கி ஆகியவற்றை வரிசையில் நிற்பதற்கு முன்பே கழற்றி, ஜிப் வைத்த சிறு பையில் போட்டு, அதைக் கைப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். பைகளை எக்ஸ்ரேக்குள் அனுப்பும் திறந்த டிரேயில் தங்கத்தைப் போடவே கூடாது. உங்களை உள்ளே சோதிக்கும் நேரத்தில் டிரே வெளியே தனியாக நிற்கும். செக்-இன் பெட்டியிலும் தங்கம் வேண்டாம். கத்தரிக்கோல், கொண்டையில் செருகும் கூரான உலோகக் குச்சி இரண்டும் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும். பெப்பர் ஸ்பிரே கைப்பையில் இருந்தால் பறித்துவிடுவார்கள். லைட்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மேக்கப்பில் லிப்ஸ்டிக், காம்பாக்ட், காஜல் பென்சில் திடப்பொருள், திரவக் கணக்கில் வராது. ஃபவுண்டேஷன், லிப் கிளாஸ், மஸ்காரா, கிரீம், பெர்ஃப்யூம் எல்லாம் திரவம். உள்நாட்டு விமானத்தில் அவ்வளவு கெடுபிடி இல்லை. வெளிநாட்டு விமானம் என்றால் ஒவ்வொன்றும் 100 மி.லி.க்கு மிகாத புட்டியில், எல்லாம் சேர்த்து 1 லிட்டர் கொள்ளும் ஒரே ஒளிபுகும் பையில் இருக்கவேண்டும். புட்டியின் கொள்ளளவுதான் கணக்கு. 200 மி.லி. புட்டியில் கால்வாசி லோஷன் இருந்தாலும் போகாது.

புட்டி கசிவதற்குக் காரணம் இருக்கிறது. பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். தரையில் அடைத்த புட்டிக்குள் இருக்கும் காற்று மேலே போனதும் விரிந்து, திரவத்தை வெளியே தள்ளும். பம்ப் வைத்த ஃபவுண்டேஷன் எளிதில் கசியும். டியூபை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். திருகு மூடியைக் கழற்றி, வாயில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து மீண்டும் திருகுங்கள். எல்லாவற்றையும் ஜிப்லாக் பையில் போடுங்கள்.

கேபின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. மேட் லிப்ஸ்டிக் வெடிக்கும், பவுடர் திட்டுத்திட்டாகத் தெரியும். மாய்ஸ்சரைசர் நன்றாகப் பூசி, மேலே மெல்லிய பேஸ் போதும். கான்டாக்ட் லென்ஸ் உறுத்தினால் மாற்றக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். பெர்ஃப்யூமைக் குறையுங்கள், பக்கத்து சீட்டுக்காரருக்குத் தலைவலி வரும். பின்னந்தலையில் கிளட்சர் மாட்டினால் சீட்டில் சாயவே முடியாது. பின்னலோ உச்சிக் கொண்டையோ நல்லது.

எடைதான் பலரை கவுன்டரில் மாட்டிவிடுகிறது. உள்நாட்டில் பொதுவாகக் கைப்பெட்டி 7 கிலோ, செக்-இன் 15 கிலோ; உங்கள் டிக்கெட்டில் உள்ளதைப் பாருங்கள். கெட்டி டிராலியே காலியாக 2.5 முதல் 3 கிலோ வரும், மீதி 4 கிலோதான் உங்களுக்கு. ஜீன்ஸ், ஜாக்கெட் போன்ற கனத்தவற்றைப் போட்டுக்கொண்டே போங்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், செக்-இன்னில் கூடாது. 20,000 எம்.ஏ.எச். வரை சிக்கலில்லை. ஒயர் வைத்த ஸ்ட்ரெய்ட்னர் எதில் வேண்டுமானாலும் வைக்கலாம்.

விமான நிறுவனத்தின் இணையதளத்தில் செய்யும் வெப் செக்-இன்னை முந்தைய நாளே முடியுங்கள். டிக்கெட்டிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கவேண்டும். 2 மணி நேரம் முன்னால் போங்கள். கவுன்டர் 60 நிமிடத்துக்கு முன்பும், கேட் 25 நிமிடத்துக்கு முன்பும் மூடிவிடும். போர்டிங் பாஸ், ஆதார், போன் மூன்றும் அடிக்கடி கையில் வேண்டும். இங்கேதான் எனக்கு ஆற்றாமை: ஆண்களின் சாதாரண சட்டைக்கே பாக்கெட் உண்டு, நமக்கு 3,000 ரூபாய் குர்தியிலும் இல்லை. டெய்லரிடம் கேட்டால் "ஷேப் கெட்டுடும்மா" என்கிறார். பக்கத் தையலில் பாக்கெட் வைத்தால் ஒரு ஷேப்பும் கெடாது, கேட்டு வாங்குங்கள். அதுவரை குறுக்கே மாட்டும் சிறு ஸ்லிங் பை.

இறங்க ஆரம்பிக்கும்போது தூங்காதீர்கள். காது அடைக்கும், எச்சில் விழுங்கினாலோ மிட்டாய் சப்பினாலோ திறந்துகொள்ளும். கடும் ஜலதோஷம் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இறங்கியபின் கன்வேயர் பெல்ட்டில் ஒரே மாதிரி கறுப்புப் பெட்டிகள் வரிசையாக வரும், பிடியில் கலர் ரிப்பன் கட்டியிருந்தாலும் டேக் எண்ணை ரசீதோடு ஒத்துப் பார்த்து எடுங்கள். உடைந்திருந்தாலோ வராவிட்டாலோ அந்த ஹாலுக்குள்ளேயே விமான நிறுவனத்தின் மேசையில் புகார் எழுதிக் கொடுத்து எண் வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவது சுலபமில்லை.